எச்சில் கண்ணாடி

பாடாங் செராய் இரவுச் சந்தையில்
பதினைந்து சொன்னான், பன்னிரண்டு வெள்ளிக்குத் தந்தான்.
பனி பிடிக்காது என்று
அட்டையில் மூன்று மொழியில் போட்டிருந்தது.
மூன்றும் முதல் செவ்வாயே பொய்யாயின.

பாதிக் குளம் தாண்டுவதற்குள் பூத்துவிடும்.
பூத்துவிடும் என்றுதான் எனக்குச் சொல்ல வருகிறது.
வராத கம்பெனி பஸ்ஸுக்குச்
சாலையோரம் நின்று நின்று கண் பூக்குமே,
அதே வார்த்தை. அதே வெள்ளை.

குளம் தோட்டத்துக் கிளப்புடையது.
துரைமார் குளித்ததாம். இப்போது
கமலநாதன் குத்தகைக்கு எடுத்துத்
தலைக்கு நாலு வெள்ளி வாங்குகிறார்.
செவ்வாய், வியாழன் காலை பெண்களுக்கு.
வேலிக்கு அப்பால் செம்பனை.
குலை ஏற்றிய லாரி போகும்போதெல்லாம்
தண்ணீர் மேல் செம்மண் ஒரு தோலாக இறங்கும்.

எனக்குக் கையுறைக் கம்பெனியில் இரவு ஷிப்டு.
ஏழுக்கு விட்டால் ஏழேமுக்காலுக்குத் தண்ணீரில் இருப்பேன்,
அடுப்பு வரிசையின் சூடு உடம்பில் அப்படியே இருக்க.
அதுதான் கோளாறு என்றாள் நூருல்,
விசிலோடு காவலுக்கு உட்கார்ந்திருப்பவள்.
முகம் சூடு, தண்ணீர் குளிர்,
நடுவில் மாட்டிய கண்ணாடி என்ன செய்யும், பாவம்?
முதலில் முகத்தை நனை. ஆறட்டும். பிறகு மாட்டு.
நனைத்தேன். ஆறியது.
ஐந்து வீச்சு கூடக் கிடைத்தது. அவ்வளவுதான்.

பேபி ஷாம்பூ ஒரு சொட்டு என்றாள் பேக்கிங் சுபத்திரா.
சரியாக அலசாமல் கண் எரிந்து
நடுக்குளத்தில் அழுதேன்.
அழுததில் பூத்தது.
உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்தது என் வீட்டுக்காரர் அன்னராஜ்;
மிச்சத்தைக் குழம்பில் போட்டுவிட்டார்.
உள்பக்கம் விரலால் துடைக்கவே கூடாது என்று
எல்லாரும் சொன்னார்கள்,
நான் துடைத்து முடித்த பிறகு.

போன வியாழன் நூருல் சலித்துப்போய்ச் சொன்னாள்:
துப்பு, காக். துப்பி,
விரல் பட்டும் படாமல் ஒரு சுற்று, அப்புறம் ஒரு முங்கு.

எச்சில்.
டம்ளரை உதட்டில் படாமல் தூக்கிக் குடிக்கும்
வீட்டில் பிறந்தவளிடம் சொல்கிறாள்.
கடித்த கொய்யாவைத் தங்கைக்கு நீட்டி
அறை வாங்கியவளிடம்.

செம்பனைப் பக்கம் திரும்பி நின்று
என் கண்ணுக்கு நானே துப்பிக்கொண்டேன்,
இரண்டுக்கும் சமமாக.

அம்மாடி, என்ன தெளிவு!
அடியில் ஒவ்வொரு நீல ஓடும் தனித்தனி.
யாரோ தொலைத்த முடி ரப்பர்.
எனக்கு முன்னால் போகும் என் கை,
குளோரின் வெளுத்த நகத்தோடு.
கீழே என் நிழல்,
வயிறு உரச என்னோடு கூடவே.

பிறகு தரை இறங்கத் தொடங்கியது.
சரிந்து, சரிந்து,
நிழல் என்னை விட்டுவிட்டுப் போயிற்று, சின்னதாகி.

மூன்று மாதமாக இதன் மேலா
போய்வந்துகொண்டிருந்தேன்?
வெள்ளைக்குள் ஒன்றும் தெரியாமல்,
சுவர் கையில் இடிக்கும்வரை போய்,
இடித்ததும் திரும்பி?

கை நின்றது. கால் நின்றது.
ஒரு வாய்த் தண்ணீர் உள்ளே.
ஓரக் கம்பியைப் பிடித்து இருமினேன்.
நூருல் எழுந்துவிட்டாள்,
பல்லில் கடித்த விசிலோடு:
மறுபடியும் மங்கிடுச்சா, காக்?

இல்ல, என்றேன். தெரியுது.

பத்தடி என்று
சுவரில் சிவப்பில் எழுதியிருக்கிறது.
பணம் கட்டிய அன்றே படித்ததுதான்.

கண்ணாடியைக் கழற்றினேன்.
பன்னிரண்டு வெள்ளிக் கண்ணாடி,
ஒரு பொட்டுப் பூப்பு இல்லை.
இன்னும் இரண்டு நடை பாக்கி.
ஒன்பதுக்காவது படுக்க வேண்டும்.

ஒரே ஒரு தேய்ப்பு போதும், வெள்ளை வந்துவிடும்.
கட்டைவிரல் உள்பக்கம்வரை போய்
நின்றது.

துப்பினேன்.